மச்சானுக்குத் தெரியாத சேதி இல்லை

ஒரு ஊரை முழுமையாக அறிந்துகொள்ள வேண்டுமானால், அந்த ஊரிலிருந்து குறைந்தது ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார வேண்டும். இது நான் கண்டுபிடித்த உண்மை அல்ல. என் மச்சான் வேல்குமார் தன் வாழ்க்கையையே ஆய்வுக்கூடமாக்கி நிரூபித்துக்கொண்டிருக்கும் உண்மை. ஊருக்குள்ளேயே கிடக்கிற என்னைப் போன்றவர்களுக்கு, தெருவில் குழி இருப்பது வண்டி அதற்குள் இறங்கிய பிறகுதான் தெரியும். மச்சானுக்கு அது தோண்டப்படும்போதே தெரியும்.

மச்சான் என் மனைவி மதுமதியின் அண்ணன். நெதர்லாந்து நாட்டில் ஐந்தோவன் என்னும் நகரத்தில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் உத்தியோகம். அது சம்பளத்துக்குச் செய்வது. மனப்பூர்வமாகச் செய்வது திருப்பூர்ச் செய்திகளைப் பின்தொடர்வது. ஒன்பது வாட்ஸப் குழுக்கள், நான்கு யூட்யூப் சேனல்கள், ஒருவரையொருவர் மறுக்கும் மழைக் கணிப்பாளர்கள் இருவர், நூல் விலைக்கென்று தனியாக ஒரு ஆப். அங்கே விடிவதற்குள் எழுந்து எங்கள் அனுப்பர்பாளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவாராம். பனியன் ஊர்க்காரர் அல்லவா, செய்தியையும் பின்னி எடுத்துவிடுவார்.

இதனால் நாங்கள் அடைந்த நன்மைகள் கொஞ்சநஞ்சமல்ல. பெருமாநல்லூர் ரோட்டில் எனக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. பெரிய கம்பெனிகளில் தைத்து வரும் பனியன்களைச் செக்கிங் பண்ணி, அயர்ன் போட்டு, பேக்கிங் செய்து கொடுப்போம். பதினெட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். என்றைக்குக் கரண்ட் இருக்காது என்பதை எனக்கு முதலில் சொல்பவர் மச்சான்தான். நெதர்லாந்திலிருந்து தகவல் வந்த பிறகுதான் அனுப்பர்பாளையத்தில் நான் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவேன்.

சில சமயம் அவர் அறிவு எங்கள் தகுதிக்கு மீறியதாக இருக்கும். ஒருநாள் காலையில் கூப்பிட்டார்.

"மாப்ள, நொய்யல் ஆத்துல வெள்ளம். எல்லாரையும் மாடிக்கு ஏறச் சொல்லுங்க."

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

"இங்க வெயிலடிக்குதுங்க மச்சான்."

"நீங்க லோக்கலு மாப்ள. உங்குளுக்குத் தெரியாது. நா வீடியோவே பாத்துட்டன்."

அந்த வீடியோ மூன்று வருடம் பழையது என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் ஒரு ஆய்வாளரின் மனம் கோணலாமா? நானும் மதுமதியும் மாடிக்கு ஏறினோம். காய்ந்திருந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கினோம். பயணம் வீணாகவில்லை.

மச்சானுக்கு அப்பா ஒருவர் உண்டு. என் மாமனார் நாச்சிமுத்து. அறுபத்தெட்டு வயது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை தவறி ஆறு வருடம் ஆகிறது. அதற்கு வந்த மச்சான் பதினோரு நாள் இருந்தார். அந்தப் பதினோரு நாளும், வெளியூரிலிருந்து வந்தவர்போல் இல்லாமல், போனில் நெதர்லாந்துச் செய்திகளைப் பார்த்தபடி மிகவும் இயல்பாக இருந்தார்.

மாமா தன் வீட்டில் தனியாக இருக்கிறார். என் வீடு இரண்டே தெரு தள்ளி. ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்கு நானும் மதுமதியும் அங்கே ஆஜராகிவிடுவோம். அதுதான் மச்சான் வீடியோ கால் செய்யும் நேரம். மற்ற ஆறு நாள்? ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறதே என்ற நம்பிக்கையிலேயே கழிந்துவிடும்.

அந்த அழைப்பு நாற்பது நிமிடம் நடக்கும். முப்பத்தெட்டு நிமிடம் மச்சான் எங்களுக்கு எங்கள் ஊரைச் சொல்லுவார். மிச்ச நேரத்தில் மாமா "ஆமா கண்ணு", "செரி கண்ணு" என்பார். போனை எப்படிப் பிடிப்பது என்பது மாமாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆகவே ஆறு வருடமாக மச்சான் பார்த்துவருவது தன் தந்தையின் நெற்றியையும் அதற்கு மேலே சுற்றும் சீலிங் ஃபேனையும்தான். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. அவ்வளவு பெருந்தன்மை.

வீட்டில் பொழுது போகாததால் மாமா தினமும் என் யூனிட்டுக்கு வர ஆரம்பித்தார். "சும்மா பாத்துட்டு இருக்கறேன் மாப்ள" என்று செக்கிங் செக்ஷனில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அந்த செக்ஷனுக்குத் தலைமை பொன்னாத்தாள். ஐம்பத்தாறு வயது. கணவர் போய் இருபது வருடம், பிள்ளைகள் இல்லை, பெருமாநல்லூரில் வாடகை வீடு. அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டையோ கறையோ வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தூக்கிப் போட்டுவிடுவார்.

ஒருநாள் அந்த ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு நேராக மாமாவிடம் வந்தார். அவர் சட்டைப் பைக்குக் கீழே ஒட்டினார்.

"ஏனுங்க, மூணு நாளா இந்தக் கறை இங்கியே இருக்குது. சொல்றதுக்கு ஊட்டுல ஆளில்லீங்களா?"

மாமா குனிந்து சட்டையைப் பார்த்தார். "இல்லீங்க" என்றார்.

எனக்கு அப்போது அவசரமாக ஒரு போன் வந்ததுபோல் இருந்தது. வெளியே போய்விட்டேன்.

மறுநாள் மாமா சலவைச் சட்டையில் வந்தார். ஆனால் ஒரு பட்டன் இல்லை. மறுபடியும் அம்பு. அடுத்த வாரம் காலர் கிழிசல். அம்பு. மூன்றாவது வாரம், மாமா வீட்டிலேயே பட்டனை அறுத்துவிட்டு வருகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டை அவர்கள் இருவரும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

நான்கு மாதம் கழித்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். மதுமதி கொடுத்த காப்பியை முழுக்கக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானும் பொன்னாத்தாளும் கண்ணாலம் பண்ணிக்கலாம்னு இருக்கறோம். உங்க ரெண்டு பேருக்கும் என்ன தோணுதுன்னு சொல்லீருங்க."

மதுமதி ஐந்து நிமிடம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவுங்களுக்கு என்ன கலர் சீலை புடிக்கும்பா?" என்று கேட்டாள். ஆக, உள்ளூர் உறுப்பினர்களின் ஒப்புதல் ஏகமனதாகக் கிடைத்தது.

ஆனால் பொன்னாத்தாள் ஒரு நிபந்தனை போட்டார்.

"பையனுக்குச் சொல்லாம நா வரமாட்டனுங்க. மறைச்சுக் கட்டிட்டு, நாளைக்கு அவரு வந்து நின்னா நா எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பேசறது? அவரு செரீன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இல்லாட்டி இப்புடியே இருந்துட்டுப் போறமுங்க."

நியாயம்தான். நெதர்லாந்துக்கு ஒரு செய்தியைச் சேர்ப்பது என்ன பெரிய காரியமா? அனுப்பர்பாளையத்தில் ஒரு நாய் இருமினால்கூட அங்கே போய்விடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றியும் ஃபேனும் திரையில் தோன்றின.

"வேலு, ஒரு சங்கதி கண்ணு. அம்மா போனதுல இருந்து ஊட்டுல ஒண்டியாத்தான் இருக்கறேன். அதான், ஒரு துணை..."

"துணை மின்நிலையமாப்பா? ஆமா, நானே சொல்லோணும்னு இருந்தன்! வர்ற புதன்கிழமை பராமரிப்பு. ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் கரண்ட் இருக்காது. தண்ணிய மொதல்லயே ஏத்தி வெச்சுக்கங்க. மாப்ள, டீசல் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க மச்சான்" என்றேன். பொய் சொல்ல முடியுமா? இருந்தது.

அடுத்த ஞாயிறு, விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன்.

"மச்சான், மாமா விசயமா உங்ககிட்ட..."

"சித்த இருங்க மாப்ள, பிரேக்கிங் வருது. டவுன் பஸ்ஸுக்குள்ள உடும்பு பூந்துருச்சாம்!"

அதன் பிறகு நாற்பது நிமிடமும் உடும்புக்கே சொந்தம். அது எந்த ஸ்டாப்பில் ஏறியது, கண்டக்டர் என்ன செய்தார், இந்த ஊர் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று மச்சான் அடுக்கிக்கொண்டே போனார். குறுக்கிட்டுச் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், அந்த உடும்பு வந்ததில் எனக்கும் கொஞ்சம் ஆறுதல்தான்.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் யூனிட்டுக்கு வந்து, "போன்ல பேசிப் பதிஞ்சு அனுப்பலாமாமா, அதெப்படி மாப்ள?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். பேக்கிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவு மெல்லிசு. அயர்ன் டேபிளில் இருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"வேலு... அப்பன் பேசறேன். நீ நல்லா இருக்கறயா கண்ணு? அம்மா போயி ஆறு வருசமாச்சு. காத்தால எந்திரிச்சா டிவிகூடத்தான் பேசீட்டு இருக்கறேன். அதும் திருப்பிப் பேசறதில்ல..." அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி அடுக்கும் சத்தம் கேட்டது. "பொன்னாத்தாள்னு ஒருத்தங்க. நல்ல மனுசி. நான் கண்ணாலம் பண்ணிக்கலாம்னு இருக்கறேன். உனக்குப் புடிக்காட்டி வேண்டாம். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நான்கு நிமிடம் பத்து வினாடி. அனுப்பிய நாற்பதாவது வினாடியில் பதில் வந்துவிட்டது. ஒரு கட்டைவிரல். அதற்குக் கீழே அன்றைய நூல் விலை.

மாமா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"மாப்ள! பையன் செரீன்னு சொல்லிட்டான்! இங்க பாருங்க, பாருங்க!"

பொன்னாத்தாள் கையிலிருந்த பனியனைக் கீழே வைத்துவிட்டு, போனை வாங்கி அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

நான்கு நிமிடச் சங்கதியை நாற்பது வினாடியில் எப்படிக் கேட்பது என்ற கேள்வி எனக்கு எழாமல் இல்லை. எழுந்தது. உட்காரச் சொல்லிவிட்டேன். இத்தனை பேர் சந்தோஷமாக இருக்கும்போது சந்தேகம் கிளப்புவது அநாகரிகம் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன். மச்சானிடம் மறுபடி பேசும் வேலை மிச்சம் என்பது அதில் கிடைத்த சின்ன உபரி.

அந்த வாரமே வந்த முகூர்த்தத்தில், பக்கத்திலிருந்த சின்ன முருகன் கோயிலில் கல்யாணம். வந்தவர்கள் பதினோரு பேர். பொன்னாத்தாளுக்கு மாம்பழக் கலர் சேலை, மதுமதி எடுத்தது. மாமாவின் சட்டையில் எல்லாப் பட்டன்களும் இருந்தன. தாலி கட்டும்போது முடிச்சு இரண்டு தடவை நழுவியது. "அவசரமில்லீங்க, பொறுமையாக் கட்டுங்க" என்று பொன்னாத்தாள் சொன்னார். குருக்களே சிரித்துவிட்டார்.

மதுமதி மூன்று போட்டோக்களை 'நம்ம குடும்பம்' என்ற வாட்ஸப் குழுவில் போட்டாள். அந்தக் குழுவில் மச்சானும் உறுப்பினர். ஆனால் அதில் குடும்பத்தைத் தவிர வேறு செய்தி எதுவும் வராத காரணத்தால், அதை வெகுநாளைக்கு முன்பே மியூட் செய்துவைத்திருந்தார்.

கோயிலுக்கு அழையாமல் வந்தவன் ஒருவன் உண்டு. குணா. செல்போனைக் குச்சியில் செருகிக்கொண்டு ஒரு யூட்யூப் சேனல் நடத்துகிறான். கோயில் வாசலில் அடைத்துக்கிடந்த சாக்கடையைப் படமெடுக்க வந்தவன், மணமக்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பிவிட்டான். நான் அவனை ஓரமாகக் கூட்டிப்போனேன்.

"தம்பி, பெரியவங்க சமாச்சாரம். பேரு, மூஞ்சி எதும் போட்டுறாத."

"போடுவனுங்களாண்ணா? மூஞ்சியக் காட்டுனா ஒருக்காப் பாத்துட்டுப் போயிருவாங்க. மறைச்சுப்போட்டா, யாரு யாருன்னு நாலுவாட்டி பாப்பாங்க" என்றான். ஊடக அறம் என்று சும்மாவா சொல்கிறார்கள்?

'பேரன் எடுத்த வயதில் மாலை மாற்றிய பெரியவர்! அனுப்பர்பாளையத்தில் பரபரப்பு!' என்று அன்று சாயங்காலமே வெளியாகிவிட்டது. கழுத்துக்கு மேலே இரண்டு பேரும் மேகமாக இருந்தார்கள். பரபரப்பைத் தேடி நான் தெருவில் இறங்கிப் பார்த்தேன். பானிபூரிக் கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

அந்த ஞாயிறு பதினொரு மணி. மாமா, பொன்னாத்தாள், மதுமதி, நான், நால்வரும் வீட்டுக் கூடத்தில். மகனிடம் பேச வேண்டும் என்று பொன்னாத்தாள் அதே மாம்பழக் கலர் சேலையைக் கட்டியிருந்தார். "என்னன்னு கூப்புடறதுங்க, தம்பீன்னா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். மணி அடித்தது. மாமா எடுத்தார். நெற்றி, ஃபேன்.

"அப்பா, நம்மூரு நாசமாப் போச்சு!" என்றார் மச்சான். "நியூஸ் பாத்தீங்களா? அறுபது எழுபது வயசுக் கெழவன் ஒருத்தன் கோயில்ல தாலி கட்டியிருக்கறான்!"

மாமாவின் கையில் போன் அசையாமல் நின்றது. பொன்னாத்தாள் மெதுவாக என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"நா அந்த ஆளக் குத்தஞ் சொல்லுலீங்கப்பா. பாவம், அவரு என்ன பண்ணுவாரு? கமெண்ட்டே போட்டுட்டன். முந்நூறு லைக் வந்துருச்சு. படிக்கறேன் கேளுங்க. 'இந்த வயதில் துணை தேடும் அளவுக்கு ஒரு மனிதரைத் தனியே விட்டவர்கள் யார்? அவருக்கு மகன் என்று ஒருவன் இல்லையா? மருமகன் என்று ஒருவன் இல்லையா? பெற்றவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்க நான்கு நிமிடம் கூடவா அவர்களுக்கு இல்லை?' எப்புடி இருக்குது மாப்ள?"

"நல்லா இருக்குதுங்க மச்சான்" என்றேன். தமிழ் உண்மையாகவே நன்றாக இருந்தது.

மாமா போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மகன் வெளிநாட்டுல இருக்கறானாம் கண்ணு."

"இருந்தா என்னங்கப்பா? நா இல்லியா? ஒரு நாளாச்சும் ஊரு சங்கதிய விட்டுருக்கறனா?"

"இல்ல கண்ணு. நீ எதையும் விட்டதில்ல."

"அதான பாத்தன். செரீங்கப்பா, இன்னொரு நியூஸ் வருது, வெச்சர்றேன். வெயில்ல போகாதீங்க, நாளைக்கு முப்பத்தெட்டு டிகிரி."

போன் அணைந்தது. மாமா போனைத் துண்டால் துடைத்தார், அதில் தூசி எதுவும் இல்லை.

"அவன் அதக் கேக்கவே இல்ல போல" என்றார் பொன்னாத்தாளிடம். "உனக்குக் கொடுத்த வாக்குத் தப்பிப்போச்சு. மன்னிச்சுக்க."

பொன்னாத்தாள் எழுந்து பெருமாநல்லூர் பஸ்ஸைப் பிடித்துவிடுவாரோ என்று நான் அவர் செருப்பு கிடந்த வாசலைப் பார்த்தேன். எழுந்தார்.

"நாம சொன்னது சொன்னதுதானுங்க. மறைச்சுக் கட்டிக்கல. அவரு கேக்காதது அவரோட பிசகு" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் சாப்புட்டுட்டுத்தான் போகோணும். நாளைக்கும் வரோணும். ஞாயித்துக்கெழம மட்டும் வர்ற பழக்கமெல்லாம் இனி இந்த ஊட்டுல செல்லாது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். மாமா வெங்காயம் உரிக்கப் பின்னாலேயே போனார்.

இலை போடும்போது என் போனுக்கு மச்சானிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

'மாப்ள, நீங்க லோக்கல்ல இருக்கீங்க. அந்தப் பெரியவரோட மகனும் மருமகனும் யாருன்னு விசாரிச்சு, போட்டோ கெடைச்சா உடனே எனக்கு அனுப்புங்க. இவுனுக மூஞ்சிய நா பாத்தே ஆகோணும்.'

ஒரு ஆய்வாளர் கேட்டு மறுப்பதா? போனில் தேடினேன். ஆறு வருடம் பின்னால் போனதும் கிடைத்தது. அத்தையின் காரியம் முடிந்த அன்று வாசலில் எடுத்தது. இடப்பக்கம் மச்சான், தன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வலப்பக்கம் நான், என் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் மாமா மட்டும், யாராவது ஏதாவது சொல்வார்கள் என்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

மதுமதி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் மட்டும் வர்ற மாதிரி வெட்டிட்டு அனுப்புங்க. நீங்களும் நிக்கறீங்க பாருங்க."

மச்சான் கேட்டது இரண்டு பேரை. செய்தியை வெட்டித் தருவது அவருக்குப் பிடிக்காது. முழுசாகவே அனுப்பினேன்.